வயல் கணவருக்கு, பூசை மனைவிக்கா?

தமிழ்நாட்டு உழவர் குடும்பத்தைப் பற்றிய எழுத்துகளில், அவை அரசு அறிக்கைகளாயினும் சீர்திருத்தப் பிரசுரங்களாயினும் கோவில் விழா மலர்களாயினும், ஒரு பாகப்பிரிவினை யாரும் கையொப்பமிடாமலே நடந்து முடிந்திருக்கிறது: வயல் கணவருக்கு, பூசை மனைவிக்கு. ஆண் உழுகிறார், தண்ணீர் பாய்ச்சுகிறார், நெல்லுக்கு விலை பேசுகிறார். பெண் விரதம் இருக்கிறார், விளக்கேற்றுகிறார், நேர்ச்சை செலுத்துகிறார், நேரம் வாய்க்கும்போது கணவருக்கு வயலில் ஒத்தாசையாகவும் இருக்கிறார் என்பதே அப்பிரிவினையின் சாரம். சீர்திருத்தம் பேசுவோர் அப்பெண்ணின் பக்தியை அச்சத்திலும் அறியாமையிலும் விளைந்தது என்று இரங்குகின்றனர். மரபு பேசுவோர் அதையே பொறுமைக்கும் தியாகத்துக்கும் இலக்கணம் என்று போற்றுகின்றனர். இரங்குவோருக்கும் போற்றுவோருக்கும் எத்தனை பூசல் இருந்தாலும், அந்தப் பக்தி உழவுத் தொழிலுக்குப் புறம்பானது, உழைப்போ அறிவோ உரிமையோ அதற்குள் இல்லை என்பதில் இரு சாராரும் ஒன்றுபடுகின்றனர். தாமிரபரணிப் பாசனப் பகுதியின் உழவர்குடிப் பெண்களைச் சான்றாக வைத்துப் பார்த்தால் அந்த ஒருமித்த கருத்து நிலைக்காது என்பதும், அவர்கள் விவசாயிகளாக எண்ணப்படாததற்குக் காரணம் சாமி கும்பிடுவதன்று, நிலத்தையும் உழைப்பையும் பதியும் ஏடுகளே என்பதும் இங்கு நிறுவப்படும்.

முதலில் காலக்கணக்கைப் பார்க்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணி, தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளாலும் நீர் பெறுவதால், அதன் கரையில் இரண்டு நெற்போகங்கள் நிலைபெற்றன. ஆனியை ஒட்டித் தொடங்கிப் புரட்டாசியில் அறுவடையாகும் குறுகிய போகம் கார் எனப்படும். ஐப்பசி, கார்த்திகையில் நட்டு மாசி, பங்குனியில் அறுக்கும் நீண்ட போகம் பிசானம் எனப்படும். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்னும் எட்டு அணைக்கட்டுகளும் அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்களும் ஏறத்தாழ 86,000 ஏக்கருக்கு நீர் தருகின்றன. இந்தப் பாசனத்தின் வரலாறு அணை கட்டிய மன்னர்களையும் பொறியாளர்களையும் நிலக்கிழார்களையும் முன்வைத்தே எழுதப்பட்டிருக்கிறது. வயலில் நாற்றை நட்டவர்களும் களை பறித்தவர்களும் பெரும்பாலும் பெண்கள் என்பது அவ்வரலாற்றில் துணைச் செய்தியாகவே வருகிறது.

அப்பெண்களின் வழிபாட்டு ஆண்டு இந்த இரு போகங்களோடு பின்னியது. பிசான அறுவடை முடிந்து, களத்து நெல் வீடு வந்து, கையில் காசு புழங்கும் நேரத்தில் பங்குனி உத்திரம் வருகிறது. அன்று திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரக் குடும்பங்கள் தத்தம் குலதெய்வமாகிய சாஸ்தாவின் கோவிலுக்குச் சென்று பொங்கலிடுகின்றன. அடுத்த போகத்துக்குத் தண்ணீர் திறக்கும் முன், வயல் காய்ந்து கிடக்கும் சித்திரை, வைகாசியை ஒட்டி ஊர்க் கொடைகள் பல நடக்கின்றன. கொடை என்பது அம்மனுக்கோ சுடலைமாடனுக்கோ ஊர் கூடி வரி பிரித்து எடுக்கும் விழா. கார்ப் பயிர் வயலில் நிற்க, குலுக்கை எனப்படும் மண் குதிரில் நெல் குறையும் ஆடியில் அம்மன் கோவில்களில் கஞ்சி காய்ச்சி ஊற்றப்படுகிறது. கார் அறுப்பை ஒட்டிக் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோவில் தசராவுக்கு மாலை போடுகிறார்கள். பிசான நடவும் முதற்களையும் முடிந்த மார்கழியில் விடியுமுன் வாசல் தெளித்துக் கோலமிட்டு, சாண உருண்டையில் பூசணிப் பூ வைக்கிறார்கள். அந்தச் சாணம் பூவோடு வறட்டியாகத் தட்டிக் காயவைக்கப்பட்டு, தை மாதத்துச் சிறுவீட்டுப் பொங்கலன்று பொங்கற்சோற்றுடன் ஆற்றிலோ குளத்திலோ விடப்படுகிறது. இவ்வழக்கம் திருநெல்வேலிச் சீமைக்கே உரிய அடையாளங்களுள் ஒன்று.

இந்நாட்களை உழவுக்கென்றே முன்னோர் திட்டமிட்டு வகுத்தனர் என்று வாதிட வேண்டியதில்லை. இவற்றுள் பல தமிழகமெங்கும் பொதுவானவை. ஆனால் எந்த நாளைப் பெரிதாகக் கொண்டாடுவது, எதைச் சுருக்குவது, எந்தப் பொங்கலை அடுத்த அறுவடைக்குத் தள்ளிப்போடுவது என்பவற்றை ஒவ்வொரு வீட்டிலும் விளைச்சலே முடிவு செய்கிறது. குலுக்கையில் எத்தனை மரக்கால் நெல் மிஞ்சும், வித்து நெல்லுக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும், கறவை மாடு எப்போது வற்றும், வட்டி எந்த மாதம் கட்ட வேண்டும் என்று அறியாத ஒருவரால் அக்கணக்கைப் போட இயலாது. அதைப் போடுபவர் அந்த வீட்டுப் பெண். அவருடைய பக்திக்கு அடியில் ஒரு முழு வரவுசெலவுத் திட்டம் இருக்கிறது.

நேர்ச்சையை எடுத்துக்கொள்ளலாம். இன்னது நிறைவேறினால் இன்னது செலுத்துவேன் என்று தெய்வத்திடம் செய்துகொள்ளும் உடன்பாடு நேர்ச்சை எனப்படுகிறது. அச்சத்தால் அடிபணியும் ஒருவர் நிபந்தனை வைப்பதில்லை. நேர்ச்சையோ நிபந்தனையில் தொடங்குகிறது. பயிர் கரையேறினால் ஒரு மரக்கால் நெல், பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கினால் மாவிளக்கு, மகளுக்கு நல்லபடியாகப் பேறு நடந்தால் ஒரு கிடா என்று பொருளும் அளவும் முன்னரே பேசப்படுகின்றன. இதைவிடக் கவனிக்க வேண்டியது, நேர்ந்த பிறகு அப்பொருளுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு. சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாவைக் கணவர் கடனுக்குப் பிடித்துக் கொடுப்பதோ அவசரத்துக்கு விற்பதோ எளிதன்று. தெய்வக் குற்றம் என்னும் சொல் குறுக்கே நிற்கும். வீட்டிலும் நிலத்திலும் தம் பெயரில் ஒரு துண்டும் இல்லாத பெண், தம் உழைப்பில் வளர்ந்த ஓர் உயிரைப் பிறர் கைவைக்க முடியாத சொத்தாக மாற்றும் வழி அது. தெய்வத்தின் பெயரால் ஒதுக்கியதே பல வீடுகளில் அவர் தாமாக ஒதுக்கிய ஒரே பொருளாக இருக்கிறது.

கிறித்தவ ஊர்களிலும் இதுவே நடக்கிறது. 1799-இல் நிறுவப்பட்ட முதலூர் தொடங்கி நாசரேத், மெஞ்ஞானபுரம், இடையன்குடி என்று நெல்லைச் சீமையின் தெற்கே எழுந்த கிறித்தவக் குடியிருப்புகளில், ஒவ்வொரு வேளையும் உலையில் அரிசி இடும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைத்துச் சபைக்குக் கொடுக்கும் பிடியரிசிக் காணிக்கை பெண்களின் கையால் நடப்பது. அறுப்பின் பண்டிகையன்று முதற்பலன்கள் ஆலயத்துக்கு வந்து ஏலம் விடப்படுகின்றன. அசனம் என்னும் பொதுவிருந்தில் ஊரே ஒன்றாக உண்கிறது. தெய்வமும் வேதமும் வேறு; ஆயினும் அடுப்படி அரிசியில் ஒரு பங்கு குடும்பத்தலைவரின் ஆணைக்கு வெளியே செல்கிறது என்னும் செய்தி ஒன்றே. மதத்துக்கு மதம் கொள்கை மாறியும் வழக்கத்தின் வடிவம் மாறாதபோது, அதன் காரணத்தைக் கொள்கையில் மட்டும் தேடுவது பயன் தராது. நிலவுடைமையிலும் வீட்டு அதிகாரத்திலும் தேட வேண்டும்.

அச்சக் கோட்பாடு இங்குப் புதிதன்று. கிறித்தவ சமயப் பணியாளர் இராபர்ட் கால்டுவெல் 1849-இல் வெளியிட்ட, திருநெல்வேலிப் பனையேறும் சமூகத்தைப் பற்றிய நூல், ஊர்த்தெய்வ வழிபாட்டைப் பேய் வழிபாடு என்றும் அச்சத்தில் பிறந்தது என்றும் விவரித்தது. அந்நூல் பின்னர் அச்சமூகத்தாரின் கடும் எதிர்ப்புக்கு உள்ளானது. சமயப் பணியாளரின் அம்மொழியைப் பிற்காலப் பகுத்தறிவுப் பிரசாரம் தன் நோக்கத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டது. பேய் என்றது மூடநம்பிக்கை ஆயிற்று, அச்சம் அச்சமாகவே நின்றது. ஆய்வாளர்களான நாங்குநேரியில் பிறந்த நா. வானமாமலையும் (1917–1980) பாளையங்கோட்டை தொ. பரமசிவனும் (1950–2020) ஊர்த்தெய்வங்களை மக்களின் வரலாறாகவும் வாழ்க்கையாகவும் படிக்க வேண்டும் என்று காட்டிய பிறகும் அப்பழைய தீர்ப்பு பொதுப்பேச்சில் மறையவில்லை. மழை, பூச்சி, பேறு, நோய் ஆகியவை பற்றிய அச்சம் உழவர் வாழ்வில் இருப்பது உண்மை. ஆனால் அது கணவருக்கும் உண்டு. அணைத் தண்ணீருக்காக அவர் வானத்தைப் பார்ப்பது தொழில் அக்கறை என்றும், அவர் மனைவி அம்மனைப் பார்ப்பது அச்சம் என்றும் பெயர் பெறுவதற்கு நியாயம் என்ன என்பதை அக்கோட்பாடு சொல்வதில்லை.

பொறுமைக் கோட்பாடு இதைவிட இனிமையாகப் பேசுகிறது, ஆகையால் இதைவிட ஆபத்தானது. பக்தியுள்ள உழவர் மனைவி வாய் திறவாதவர், தமக்கென எதுவும் கேளாதவர் என்பது அதன் துணிபு. கொடை நாளில் நடப்பது அதற்கு நேர்மாறு. மகுடம் என்னும் தோற்கருவி அதிர, வில்லுப்பாட்டில் அம்மன் கதை ஏறும்போது சாமியாடும் பெண், மற்ற நாட்களில் பெயர் சொல்லக்கூடத் தயங்கும் பெரியவர்களை ஒருமையில் அழைத்து, எனக்கு ஏன் குறை வைத்தாய் என்று ஊர் முன்னிலையில் கேட்கிறார்; கேட்கப்பட்டவர் கைகட்டிப் பதில் சொல்கிறார். நெல்லை, குமரி மாவட்டங்களில் தை, மாசி, ஆடி மாதச் செவ்வாய்க்கிழமைகளில் பெண்கள் கூடி நடத்தும் ஔவையார் நோன்பில், உப்பில்லாமல் பச்சரிசி மாவில் கொழுக்கட்டை அவித்து, மூத்த பெண் ஒருவர் கதை சொல்ல மற்றவர்கள் கேட்கிறார்கள். அங்கு ஆண்பிள்ளைக் குழந்தைக்குக்கூட இடமில்லை, அக்கொழுக்கட்டையை ஆண்கள் காணவும் உண்ணவும் கூடாது. ஊர்க்கூட்டத்தில் இடம் பெறாதவர்கள் தமக்கென ஒரு கூட்டத்தை வைத்துக்கொண்டார்கள் என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். வாய் திறவாதவர்களின் வழிபாடு இப்படி இருக்க முடியாது.

மூன்றாவதாக ஒரு சாரார் உண்டு. சடங்கு ஒவ்வொன்றுக்குள்ளும் விஞ்ஞானம் ஒளிந்திருக்கிறது என்று சொல்லிப் பெண்களின் பக்தியைக் காப்பாற்ற வருவோர். முளைப்பாரி அவர்களுக்கு வாய்த்த எடுத்துக்காட்டு. கொடைக்கு ஒரு வாரத்துக்கு மேல் இருக்கும்போதே பயறு வகைகளையும் தானியங்களையும் ஊறவைத்து, தட்டையான மண்பாத்திரத்தில் காய்ந்த எருவும் வைக்கோலும் பரப்பி, விதை தூவி, வெளிச்சம் புகாத அறையில் வைத்து, விரதம் இருக்கும் பெண் நாள்தோறும் நீர் தெளிக்கிறார். நீர் கூடினால் விதை அழுகும், குறைந்தால் முளை கருகும். இருட்டில் வளர்வதால் முளைகள் வெளிறிய மஞ்சளில் ஒரே உயரமாக நிமிர்கின்றன. அவற்றைத் தலையில் சுமந்து, குலவையிட்டு, கும்மியடித்து, கோவில் சுற்றி நீரில் கரைக்கின்றனர். இது பழங்காலத்து விதைச் சோதனை என்பது அவர்கள் தரும் விளக்கம். அப்படியே கொண்டாலும், அம்பாசமுத்திரத்தில் 1937 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் வட்டாரத்தில், விதைச் சான்று பெற்ற நெல் கடையில் கிடைக்கும் காலத்தில், சோதனைக்கு வேலை இல்லாமல் போன பின்னும் முளைப்பாரி ஏன் நிற்கிறது என்பதற்கு அவ்விளக்கத்தில் பதில் இல்லை. விதையின் ஈரம் அறியும் கை ஊரார் முன் அடையாளம் பெறும் நாள் ஆண்டில் அது ஒன்றே; யார் வீட்டு முளை செழித்தது என்பது அவ்வாண்டு முழுதும் பேசப்படும். அப்பெண்ணின் திறனுக்கு ஆய்வுக்கூடத்தின் நற்சான்று தேவையில்லை. அவர் வயலிலும் அதே திறனோடுதான் வேலை செய்கிறார் என்னும் ஒப்புதல் போதும்.

அந்த ஒப்புதல்தான் கிடைக்கவில்லை. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1961-இல் ஏறத்தாழ 28 விழுக்காடாக இருந்த பெண்களின் உழைப்புப் பங்கேற்பு 1971-இல் ஏறத்தாழ 14 ஆக இறங்கியது. பத்தாண்டுகளில் பாதிப் பெண்கள் வயலை விட்டுப் போய்விடவில்லை. ஒருவரின் முதன்மையான செயல்பாடு எது என்று 1971-இல் கேள்வி மாற்றப்பட்டது. வீட்டு வேலை என்று பதில் வந்த இடத்தில் நடவும் களையும் மாடும் காணாமற்போயின. இன்றைய தொழிலாளர் ஆய்வுகளில் 93 என்றொரு குறியீடு உண்டு: வீட்டுக் கடமைகளோடு காய்கறி, விறகு, கால்நடைத் தீவனம் போன்றவற்றை வீட்டுத் தேவைக்காக இலவசமாகச் சேகரிப்பவர் என்பது அதன் பொருள். வரப்பில் புல்லறுத்து மாட்டைக் காக்கும் பெண் இக்குறியீட்டில் விழுந்தால் தொழிலாளர் எண்ணிக்கைக்கு வெளியே நிற்பார். அந்த மாட்டை ஏரில் பூட்டும் கணவர் உள்ளே இருப்பார். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டது தெரிந்தது. அதே ஆய்வு பின்பற்றிய பன்னாட்டு வகைப்பாட்டில் சமயச் செயல்பாடுகள் அரட்டை, உறவாடல் ஆகியவற்றோடு ஒரே பிரிவில் வைக்கப்பட்டுள்ளன. ஆக, கொடைக்காக எருப்பரப்பி விதை முளைக்கவைப்பது அரட்டையின் பக்கம் போகும். நாற்றங்காலில் அதையே செய்தால் வேளாண்மை.

இந்த மறைப்பு வேறு இடங்களிலும் கண்டறியப்பட்டதுதான். ஆந்திரத்தின் நரசாபூரில் ஏற்றுமதிக்காகப் பின்னல் வேலை செய்த பெண்களை ஆராய்ந்து 1982-இல் நூல் எழுதிய மரியா மீஸ், அவர்கள் ஓய்வு நேரத்தில் கைவேலை செய்யும் இல்லத்தரசிகள் என்று சொல்லப்பட்டதாலேயே அவர்களது கூலி தாழ்ந்து கிடந்தது என்று காட்டினார். பின்னல் ஊசி அங்குச் செய்த வேலையைத் தாமிரபரணிக் கரையில் விளக்குத்திரி செய்கிறது: பக்தியுள்ள மனைவி என்னும் புகழ்ச்சி, உழைப்பைக் கூலி கேளாத கடமையாக்கிவிடுகிறது.

இவ்வளவும் சொன்ன பின், எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. மாதவிலக்கு நாட்களில் கோவிலும் சில இடங்களில் குலுக்கையும்கூட இப்பெண்களுக்கு விலக்கப்படுகின்றன. பூசாரி ஆண், கொடைக்கணக்குப் பார்ப்பவர் ஆண். 15 முதல் 49 வயதுள்ள தமிழகப் பெண்களில் 53 விழுக்காட்டினர் இரத்தச்சோகை உள்ளவர்கள் என்று ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொல்லும்போது, நடவு நாளிலும் ஒருவேளை உண்டு விரதம் காப்பதை வெறும் அழகாகப் பாட இயலாது. உழவர் மனைவி என்னும் சொல்லும் ஒருமைப்பட்டதன்று: நஞ்சை நிலம் வைத்திருந்த மேற்சாதிப் பெண்கள் சேற்றில் இறங்காமலே விவசாயக் குடும்பத்தார் எனப்பட்டனர், தலைமுறை தலைமுறையாக நட்டு அறுத்த தேவேந்திரர் குலப் பெண்கள் கூலியாட்களாகவே எண்ணப்பட்டனர். பல ஊர்களில் கொடைக்குத் தலைக்கட்டு வரி பிரிக்கப்படுகிறது. மணமான ஆண் ஒருவரைத் தலைவராகக் கொண்ட குடும்பமே தலைக்கட்டு ஆதலால், பெண் தனியே நடத்தும் வீடு அப்பட்டியலில் அரைகுறையாகவோ சேராமலோ போகிறது. இவை அனைத்தும் உண்மை. ஆனால் இவை நிறுவுவது என்ன? தெய்வத்தின் வரிப்பட்டியலும் அரசின் குடிப்பட்டியலும் ஒரே இலக்கணத்தில் எழுதப்பட்டவை என்பதைத்தான். பக்தியை ஒழித்தால் முதற்பட்டியல் போகும்; இரண்டாவது அப்படியே இருக்கும், பெண்ணும் அதற்கு வெளியே அப்படியே இருப்பார்.

சட்டத்தின் நடையும் இதையே சொல்கிறது. தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்கு தந்தது. அதற்கு முன் மணமானவர்கள் அதில் சேரவில்லை, 2005-இன் மத்தியத் திருத்தமே அந்த வேறுபாட்டை நீக்கியது. 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டின் சாகுபடிக் கைப்பற்றுகளில் பெண்கள் பெயரில் இருந்தவை ஏறத்தாழ 14 விழுக்காடு. 2007-இன் தேசிய உழவர் கொள்கை நில உரிமை இல்லாதவரையும் உழவர் என்று வரையறுத்தது. ஆனால் 2019-இல் தொடங்கிய, ஆண்டுக்கு 6,000 ரூபாய் வழங்கும் பி.எம். கிசான் திட்டம் நிலம் உடைய குடும்பத்தையே பயனாளியாகக் கொண்டது. பெண் உழவர்களுக்குச் சான்றிதழும் கடன், நீர் உரிமைகளும் வழங்கக் கோரி எம்.எஸ். சுவாமிநாதன் 2012-இல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகாமலே காலாவதியானது. விரதத்தாலோ விளக்காலோ அம்மசோதா தடைபடவில்லை.

2026-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை பெண் உழவர்களின் பன்னாட்டு ஆண்டாக அறிவித்திருக்கிறது. அவ்வாண்டை மேடைப் பாராட்டில் கழிக்காமல் இருக்கத் தாமிரபரணிக் கரையில் திருத்தத்தக்க ஏடுகள் மூன்று. போகந்தோறும் எந்தச் சர்வே எண்ணில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் பதியும் அடங்கலில், பட்டாதாரர் பெயரோடு உண்மையில் பயிரிடும் பெண்ணின் பெயரும் ஏற வேண்டும். தொழிலாளர் கணக்கெடுப்பில் மாடு, வித்து, நாற்று ஆகியவற்றில் அவர் செலவிடும் நேரம் வேளாண்மையாக எழுதப்பட வேண்டும். ஊர்க்கூட்டத்தின் வரிப்புத்தகத்தில், பெண் நடத்தும் வீடும் முழுத் தலைக்கட்டாக, பேச்சுரிமையோடு சேர வேண்டும். முதல் இரண்டும் அரசின் பொறுப்பு. மூன்றாவது ஊராரின் பொறுப்பு, அதற்கு அரசாணைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. மூன்று ஏடுகளிலும் அவர் பெயர் எழுதப்பட்ட பிறகு அவர் விரதம் இருப்பதும் இராததும் அவர் விருப்பம். அதுவரை அவருடைய பக்தியைக் குறை கூறவோ புகழ்ந்து பாடவோ எவருக்கும் தகுதி இல்லை.